ஒரே கணினி மூன்று முறை முகவரி கேட்கிறது

கோடை விடுமுறை முடிந்து வகுப்புகள் தொடங்க ஒன்பது நாட்களே இருந்த நிலையில், நான் பார்த்துக்கொள்ளும் கல்லூரிக் கணினி ஆய்வகத்தின் நாற்பது கணினிகளிலும் டெபியன் 12 இயங்குதளத்தை நிறுவ வேண்டியிருந்தது. பென்டிரைவை எடுத்துக்கொண்டு மேசை மேசையாகப் போனாலும் முடிந்துவிடும் வேலைதான். ஆனால் முந்தைய முறை அப்படிச் செய்தபோது, களைப்பில் ஆறு கணினிகளில் விசைப்பலகை அமைப்பையும் இரண்டில் நேர மண்டலத்தையும் தவறாகத் தேர்ந்தெடுத்துவிட்டு, அந்த ஆண்டு முழுவதும் மாணவர்களின் புகார்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆகவே இம்முறை நெட்வொர்க் வழியாக, யாரும் எந்தக் கேள்விக்கும் பதில் அளிக்கத் தேவையில்லாத வகையில், தானியங்கி நிறுவலாகவே செய்துவிடுவது என்று முடிவு செய்தேன். அது ஓடத் தொடங்கும் வரை எங்கெங்கே நின்றது, ஒவ்வொன்றையும் எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அடிப்படை. கணினியில் இயங்குதளம் எதுவும் இல்லாதபோதே நெட்வொர்க்கிலிருந்து பூட் ஆவதற்கான முறையை பிஎக்ஸ்இ என்கிறோம். இன்டெல் வகுத்த அதன் 2.1 பதிப்பு 1999-இல் வெளிவந்தது, இன்றும் பெரும்பாலும் அதன்படியே எல்லாம் நடக்கிறது. கணினியை இயக்கியதும் மதர்போர்டிலேயே பதிந்துள்ள மென்பொருளான ஃபர்ம்வேர், நெட்வொர்க்கில் முகவரி வழங்கும் நெறிமுறையான டிஎச்சிபி மூலம் ஐபி முகவரி கேட்கிறது. சர்வர், முகவரியோடு சேர்த்து, பூட் கோப்பின் பெயரையும் அது இருக்கும் இடத்தையும் தருகிறது. ஃபர்ம்வேர் அந்தக் கோப்பை, கோப்புகளை அனுப்பும் நெறிமுறையான டிஎஃப்டிபி மூலம் இறக்குகிறது. பூட் லோடர் எனப்படும் அந்தக் கோப்பு, இயங்குதளத்தின் மையமான கெர்னலையும், நினைவகத்திலேயே விரியும் கோப்புத் தொகுதியான தொடக்க ரேம் வட்டையும் இறக்குகிறது. கெர்னல் எழுந்ததும் டெபியனின் நிறுவி தொடங்கி, மறுபடியும் டிஎச்சிபி மூலம் முகவரி கேட்டு, எல்லாக் கேள்விகளுக்கும் முன்கூட்டியே பதில் எழுதிவைத்த பிரிசீட் கோப்பை எச்டிடிபி வழியாகப் படிக்கிறது. வட்டைப் பிரித்து, தொகுப்புகளை இறக்கி, மறுதொடக்கம் ஆன பிறகு, புதிதாக நிறுவப்பட்ட இயங்குதளம் மூன்றாவது முறையாக முகவரி கேட்கிறது.

இந்த வரிசையில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். ஒரு கட்டம் தான் அறிந்துகொண்டதை அடுத்த கட்டத்திடம் ஏறக்குறைய ஒப்படைப்பதே இல்லை. ஃபர்ம்வேருக்கு முகவரி கிடைத்துவிட்டது என்பதால் நிறுவிக்கும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. நான் இழந்த முதல் இரண்டு நாட்களும், "பூட் ஆகிவிட்டதே, பிறகு நெட்வொர்க்கில் எப்படிக் கோளாறு இருக்கும்?" என்று நினைத்ததால் இழந்தவைதான்.

இன்னொன்று, கணினியின் திரையை நம்புவதைக் குறைத்துக்கொள்ள வேண்டும். திரையில் தெரிவது விளைவு. காரணம் பெரும்பாலும் சர்வரின் பதிவேடான லாகில் இருக்கும். டிஎச்சிபி, டிஎஃப்டிபி இரண்டுக்கும் சேர்த்து நான் டிஎன்எஸ்மாஸ்க் என்ற சர்வர் மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். அதில் டிஎச்சிபி விவரங்களை விரிவாகப் பதிவு செய்யும்படி ஒரு வரி சேர்த்துவிட்டு, ஒரு ஜன்னலில் அந்த லாகையும் மற்றொன்றில் வெப் சர்வரின் லாகையும் ஓடவிட்டேன். ஒரு கணினி நின்றுவிட்டால் அதன் மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) கடைசியாக எந்த வரியில் வந்தது என்று பார்த்தாலே போதும், ஐந்து கட்டங்களில் நான்கைக் கழித்துவிடலாம். முகவரி தந்ததற்கான வரி இருந்து, கோப்பு அனுப்பிய வரி இல்லையென்றால் டிஎஃப்டிபியில் சிக்கல். கோப்புகள் போய்ச் சேர்ந்தும் வெப் சர்வரில் பிரிசீட் கோப்பைக் கேட்ட வரி இல்லையென்றால் நிறுவியின் நெட்வொர்க்கில் சிக்கல்.

முதலில் மாட்டியவை புதிதாக வந்த பன்னிரண்டு கணினிகள். பழைய இருபத்தெட்டின் ஃபர்ம்வேர் பயாஸ் என்ற பழைய வகை, புதியவற்றுடையது யூஇஎஃப்ஐ என்ற புதிய வகை. இரண்டுக்கும் ஒரே பூட் கோப்பைக் கொடுக்க முடியாது. பயாஸுக்கான கோப்பைப் பெற்ற யூஇஎஃப்ஐ கணினி பிழைச் செய்தி எதுவும் காட்டாமல், ஒரு நொடி கருந்திரையைக் காட்டிவிட்டு பூட் மெனுவுக்குத் திரும்பிவிட்டது. லாகில் பார்த்தால் கோப்பு முழுமையாக அனுப்பப்பட்டிருந்தது, அதனால் டிஎஃப்டிபி மீது குற்றமில்லை. கணினி முகவரி கேட்கும்போதே தன் வகையை டிஎச்சிபியின் 93-ஆம் விருப்பத்தில் (ஆப்ஷன்) ஓர் எண்ணாகச் சொல்லிவிடுகிறது: 0 என்றால் பயாஸ், 64 பிட் யூஇஎஃப்ஐ கணினிகள் நடைமுறையில் 7 என்றோ 9 என்றோ சொல்கின்றன. டிஎன்எஸ்மாஸ்கில் இந்த எண்ணைப் பார்த்துக் குறியிட்டு, குறிக்கேற்ற கோப்பைக் கொடுக்கும்படி மூன்று வரிகள் எழுதியதும் அந்தச் சிக்கல் தீர்ந்தது. 7-ஐ மட்டும் எழுதிவிட்டு 9-ஐ விட்டுவிடுவது எளிதாக நேரும் தவறு, நானும் செய்தேன். கையெழுத்திடப்பட்ட மென்பொருளை மட்டும் பூட் செய்யவிடும் செக்யூர் பூட் இயக்கத்தில் இருந்தால், கிரப் என்ற பூட் லோடரை நேரடியாகக் கொடுக்கக் கூடாது, கையெழுத்திடப்பட்ட ஷிம் கோப்பை முதலில் கொடுக்க வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

டிஎஃப்டிபி பற்றிச் சில சொற்கள். இது மிகவும் எளிய நெறிமுறை. எளிமைதான் அதன் பலம், அதுவே தொல்லையும்கூட. இயல்பாக 512 பைட் கொண்ட ஒரு துண்டை அனுப்பி, அது கிடைத்தது என்ற பதில் வந்த பிறகே அடுத்த துண்டை அனுப்பும். துண்டு எண்ணுக்கு 16 பிட் மட்டுமே என்பதால், 65,535 துண்டுகளுக்கு மேல், அதாவது ஏறக்குறைய 32 எம்பிக்கு மேல், எண் சுற்றி மறுபடி தொடக்கத்துக்கு வர வேண்டும். 40 எம்பி அளவுள்ள ஒரு ரேம் வட்டு என்றால் 81,920 துண்டுகள். எண் சுற்றுவதை இரு பக்கமும் ஒரே மாதிரி கையாளவில்லை என்றால் இறக்கம் பாதியைத் தாண்டிப் போய் நின்றுவிடும். துண்டின் அளவைக் கூட்டிக்கொள்ளும் வசதி 1995-இலேயே வந்துவிட்டது, இன்றைய பூட் லோடர்கள் அதைப் பயன்படுத்துகின்றன. எனினும் பெரிய கோப்புகளை எச்டிடிபி வழியாக இறக்குவதே நல்லது என்பது என் கருத்து. ஃபயர்வால் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய மற்றொன்று: கோரிக்கை யூடிபி 69-ஆம் போர்ட்டுக்கு வந்தாலும், சர்வர் பதிலை வேறொரு போர்ட்டிலிருந்துதான் அனுப்பும். 69-ஐ மட்டும் திறந்துவிட்டுத் திகைத்து நிற்பவர்கள் பலர்.

இனி என்னை உண்மையிலேயே அலைக்கழித்த விஷயத்துக்கு வருகிறேன். பூட் கோப்புகள் எல்லாக் கணினிகளுக்கும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன. ஆனால் ஒரு வரிசையில் இருந்த பதினான்கு கணினிகளும், நிறுவி எழுந்த பிறகு, தானியங்கி முறையில் நெட்வொர்க்கை அமைக்க முடியவில்லை என்று சொல்லி நின்றன. அதே கணினியில் "மறுபடி முயல்க" என்பதை அழுத்தினால் உடனே முகவரி கிடைத்தது. கையால் செய்தால் சரியாகிறது, தானாக ஓடவிட்டால் தவறுகிறது என்றால் பெரும்பாலும் நேரம்தான் காரணம்.

அந்த வரிசை ஒரு பழைய ஸ்விட்ச்சில் இணைக்கப்பட்டிருந்தது. அதில், நெட்வொர்க்கில் வளையம் உண்டாகாமல் தடுக்கும் ஸ்பேனிங் ட்ரீ இயங்கிக்கொண்டிருந்தது. ஸ்விட்ச்சில் கேபிள் செருகும் ஒரு போர்ட்டில் இணைப்பு எழுந்ததும், அது வளையத்தை உண்டாக்கவில்லை என்று உறுதி செய்துகொள்ள ஸ்விட்ச் 15 நொடிகள் கவனிக்கிறது, மேலும் 15 நொடிகள் முகவரிகளைக் கற்கிறது. அந்த 30 நொடிகளும் இணைப்பு விளக்கு எரியும், ஆனால் ஒரு பாக்கெட்டும் கடக்காது. பிஎக்ஸ்இ ஃபர்ம்வேர் 4, 8, 16, 32 நொடிகள் என்று இடைவெளியை இரட்டித்துக்கொண்டே மொத்தம் ஒரு நிமிடம் வரை காத்திருக்கும் வகையில் வகுக்கப்பட்டது. ஆகவே முதல் கட்டம் தாமதமானாலும் தப்பித்துவிடுகிறது. கெர்னல் எழுந்து நெட்வொர்க் கார்டின் டிரைவரை ஏற்றும்போது இணைப்பு ஒரு கணம் அறுந்து மறுபடி ஒட்டுகிறது. ஸ்விட்ச்சைப் பொறுத்தவரை அது புதிய இணைப்பு, 30 நொடிகள் மறுபடியும் முதலிலிருந்து. நிறுவிக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

காத்திருக்கும் நேரத்தைக் கூட்டுவதற்குப் பிரிசீட்டில் ஒரு வரி உண்டு. அதை எழுதினேன், எந்த மாற்றமும் இல்லை. அரை மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது: பிரிசீட் கோப்பே நெட்வொர்க் வழியாகத்தான் வர வேண்டும், நெட்வொர்க் எழாதபோது, எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று அந்தக் கோப்பில் எழுதிவைத்து என்ன பயன்? பெட்டிக்குள்ளேயே சாவியை வைத்துப் பூட்டிய கதைதான். நெட்வொர்க் தொடர்பான விடைகள் எல்லாவற்றையும் பூட் லோடரில் உள்ள கெர்னல் வரியிலேயே கொடுக்க வேண்டும். மொழி, விசைப்பலகை போன்றவற்றை நிறுவி வழக்கமாக நெட்வொர்க் எழுவதற்கு முன்பே கேட்டுவிடும் என்பதால், அவற்றையும் கெர்னல் வரியில் கொடுக்கலாம், அல்லது "ஆட்டோ" அளவுருவை இயக்கிவிட்டால் அந்தக் கேள்விகள் பிரிசீட் வந்து சேரும் வரை தள்ளிவைக்கப்படும். காத்திருப்பை 60 நொடிகளாகக் கெர்னல் வரியில் எழுதியதும் பதினான்கும் எழுந்தன. முறையான தீர்வு, கணினிகள் மட்டுமே செருகப்படும் போர்ட்டுகளை ஸ்விட்ச்சில், காத்திருக்காமல் உடனே திறக்கும் விளிம்புப் போர்ட்டுகளாக அறிவித்துவிடுவது. அதற்கான கடவுச்சொல் கிடைத்த பிறகு அதையும் செய்தேன்.

அத்துடன் நெட்வொர்க் சிக்கல் தீர்ந்தது என்று எண்ணியிருந்தேன். மறுநாள், இதற்குத் தொடர்பே இல்லாத ஏழு கணினிகள், பிரிசீட் கோப்பைப் பெற முடியவில்லை என்று நின்றன. இவற்றுக்கு முகவரி கிடைத்திருந்தது. மறுதொடக்கம் செய்தால் ஏழில் மூன்று சரியாகி, முன்பு சரியாக இருந்த வேறு இரண்டு நின்றன. நிறுவியில் ஆல்ட்டுடன் எஃப்2-ஐ அழுத்தினால் கட்டளை வரி கிடைக்கும். அதில் முகவரியைப் பார்த்தேன். எங்கள் ஆய்வகத்தின் முகவரிகள் 10-இல் தொடங்குபவை. அங்கே இருந்ததோ 192.168-இல் தொடங்கியது.

யாரோ ஒரு வைஃபை ரவுட்டரை, வெளி இணைப்புக்கான துளையில் செருகாமல் உள் இணைப்புக்கான துளையில் செருகி, எங்கள் நெட்வொர்க்கில் இணைத்திருந்தார்கள். அதுவும் முகவரி வழங்கிக்கொண்டிருந்தது. ஃபர்ம்வேர் கட்டத்தில் இது தெரியாமல் போனதற்குக் காரணம் உண்டு. பிஎக்ஸ்இ ஃபர்ம்வேர், வந்த சலுகைகளில் (முகவரி தர முன்வந்து சர்வர்கள் அனுப்பும் பதில்களில்) பூட் விவரம் உள்ளதைத் தேடி எடுக்கும் வகையில் வகுக்கப்பட்டது, அதனால் எங்கள் சர்வரையே தேர்ந்தெடுத்தது. நிறுவிக்குள் இருக்கும் சாதாரண டிஎச்சிபி நிரலோ முதலில் வந்ததைப் பிடித்துக்கொள்ளும். எது முந்துகிறதோ அதைப் பொறுத்து ஒரு கணினி ஒரு முறை ஓடும், மறுமுறை நிற்கும். நெட்வொர்க்கில் ஓடும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப்பை ஓடவிட்டபோது இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. எங்கள் சர்வர் சலுகை அனுப்பியிருக்கிறது. கணினி எல்லோருக்குமாகப் பரப்பும் கோரிக்கைப் பாக்கெட்டின் 54-ஆம் விருப்பத்திலோ, தான் தேர்ந்தெடுத்த சர்வராக வேறொருவரின் முகவரி இருக்கிறது. அந்த முகவரிக்குரிய மேக் எண்ணைக் கண்டுபிடித்து, ஸ்விட்ச்சின் மேக் பட்டியலில் அது எந்தப் போர்ட்டில் தெரிகிறது என்று பார்த்து, அந்தக் கேபிளைப் பிடித்துக்கொண்டே போனால், பக்கத்து அறையில் ஒரு மேசைக்குக் கீழே, செருப்புகளுக்கு நடுவில், அந்த ரவுட்டர் அமைதியாக மினுக்கிக்கொண்டிருந்தது. யார் வைத்தது என்று இன்றுவரை ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. இப்படி அனுமதியில்லாத சாதனங்கள் முகவரி வழங்குவதை ஸ்விட்ச்சிலேயே தடுக்கும் டிஎச்சிபி ஸ்நூப்பிங்கை அன்றே இயக்கிவிட்டேன்.

மூன்று முறை முகவரி கேட்பதில் இன்னொரு விளைவும் உண்டு. ஃபர்ம்வேர், நிறுவி, நிறுவப்பட்ட இயங்குதளம் ஆகிய மூன்றும் தங்களை ஒரே அடையாளத்துடன் அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும் என்பதில்லை. டிஎன்எஸ்மாஸ்க் மேக் முகவரியைவிட, கணினி அனுப்பும் அடையாளத்துக்கே முதலிடம் தருவதால், ஒரே கணினிக்கு இரண்டு, சில நேரம் மூன்று லீஸ்கள் (குறிப்பிட்ட காலத்துக்கு ஒதுக்கப்படும் முகவரிகள்) போய்விடும். நாற்பது கணினிகளுக்கு ஐம்பது முகவரிகள் போதும் என்று கணக்குப் போட்டிருந்தேன். பிற்பகலில் முகவரி இல்லை என்று லாக் சொல்லத் தொடங்கிய பிறகே லீஸ் கோப்பைத் திறந்து பார்த்தேன். கணினி அனுப்பும் அடையாளத்தைப் புறக்கணித்து மேக்கை மட்டும் பார்க்கும்படி சொல்ல வழி இருக்கிறது. நான் முகவரிகளை 150 ஆக்கி, லீஸ் காலத்தை ஒரு மணி நேரமாகக் குறைத்துவிட்டு நகர்ந்துவிட்டேன்.

பிரிசீட் கோப்பில் வந்த பிழைகளில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது கண்ணுக்கே தெரியாதது. ஒவ்வொரு வரியிலும் உரிமையாளர், கேள்வியின் பெயர், வகை, மதிப்பு என நான்கு பகுதிகள் இருக்கும். கோப்பு அழகாக இருக்க வேண்டும் என்று மதிப்புகளை எல்லாம் ஒரே நேர்கோட்டில் வருமாறு இடைவெளி விட்டு அடுக்கியிருந்தேன். வகைக்கும் மதிப்புக்கும் நடுவே ஒரே ஓர் இடைவெளிதான் இருக்கலாம். அதற்கு மேல் உள்ளவை மதிப்பின் பகுதியாகவே எடுத்துக்கொள்ளப்படும். என் கோப்பில் வட்டின் பெயருக்கு முன்னால் இரண்டு இடைவெளிகள் இருந்தன. ஆகவே நிறுவி, ஓர் இடைவெளியில் தொடங்கும் பெயருள்ள வட்டைத் தேடி, அப்படி ஒன்று இல்லாததால், எந்த வட்டில் நிறுவலாம் என்று என்னையே கேட்டது. கோப்பைச் சரிபார்க்கும் கட்டளையும் இதைப் பிழை என்று சொல்லவில்லை, இலக்கணப்படி அது சரியான வரி அல்லவா! அழகுணர்ச்சியை அன்றோடு விட்டுவிட்டேன்.

வட்டின் பெயரும் எல்லாக் கணினிகளிலும் ஒன்றல்ல; பழையவற்றில் சாட்டா வட்டு, புதியவற்றில் என்விஎம்இ. நிறுவிக்குள் இருக்கும் வட்டுகளைப் பட்டியலிடும் கட்டளையைத் தொடக்கத்தில் ஓட்டி, முதலாவதை விடையாக வைத்தேன். பென்டிரைவ் எதுவும் செருகியிருக்கக் கூடாது. செருகியிருந்தால் அதுவே முதலாவதாக வந்துவிடலாம். வட்டை நெகிழ்வாகப் பிரிக்கும் எல்விஎம் அமைப்பு முன்பே உள்ள வட்டுகளில், அதை நீக்கவும் சம்மதம் என்று தனியாக ஒரு வரி எழுத வேண்டும். சில நெட்வொர்க் கார்டுகளுக்கான ஃபர்ம்வேர் டெபியனின் நெட்பூட் ரேம் வட்டில் இல்லை. அதற்கான தொகுப்பைத் தனியே இறக்கி ரேம் வட்டின் வாலில் ஒட்டிவிட்டால் போதும்.

கெர்னல் மாடியூல்கள் (டிரைவர் போல, கெர்னலில் பிறகு ஏற்றப்படும் துண்டுகள்) எதுவும் கிடைக்கவில்லை என்ற செய்தி வந்தால் கலங்க வேண்டாம். சர்வரில் நான் வைத்திருந்த நெட்பூட் கோப்புகள் முந்தைய ஆண்டில் இறக்கியவை. அதற்குள் டெபியன் 12-க்குத் திருத்த வெளியீடுகள் வந்து, டெபியன் தொகுப்புகளை வழங்கும் சர்வரான மிரரில் கெர்னல் பதிப்பு மாறியிருந்தது. நிறுவி தன் கெர்னலுக்குரிய மாடியூல்களை மிரரில் தேடுகிறது, அவை அங்கே இல்லை. புதிய நெட்பூட் கோப்புகளை இறக்கி வைத்ததும் சரியாயிற்று. மூன்று கணினிகள் மட்டும் அப்போதும் மிரரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தன. ஆல்ட்டுடன் எஃப்4 அழுத்தி லாகைப் பார்த்தால், அவற்றின் கடிகாரம் 2009-இல் நின்றிருந்தது. மிரரின் கையெழுத்து வருங்காலத்தில் இடப்பட்டதாக அவற்றுக்குத் தோன்றியிருக்கிறது. மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ பேட்டரி தீர்ந்துபோயிருந்தது, அவ்வளவுதான்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்து, ஒரு மாலையில் இருபத்தெட்டுப் பழைய கணினிகளையும் ஓடவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலை ஆய்வக உதவியாளர் வாசலிலேயே நின்றிருந்தார்.

"சார், நேற்று ராத்திரி எட்டு மணிக்கே இதெல்லாம் முடிந்துவிட்டது என்று வாட்ச்மேன் சொன்னார். இப்போது மறுபடியும் ஓடுகிறதே?"

ஓடிக்கொண்டுதான் இருந்தது. வெப் சர்வரின் லாகில் ஒவ்வொரு மேக் முகவரியும் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை பிரிசீட் கோப்பைக் கேட்டிருந்தது. பயாஸில் நெட்வொர்க்கை முதல் பூட் சாதனமாக வைத்தது நான்தான். நிறுவல் முடிந்து மறுதொடக்கம் ஆனதும் அவை நெட்வொர்க்குக்கே போய், வட்டை அழித்து, முதலிலிருந்து தொடங்கின, இரவு முழுவதும். யூஇஎஃப்ஐ கணினிகளில் இது நேரவில்லை. அங்கே நிறுவி தன் பெயரைப் பூட் வரிசையின் முதலில் எழுதிவைத்துவிடுகிறது. ஆய்வகக் கணினிகள் என்பதால் யாருடைய தரவும் போகவில்லை. அதே நெட்வொர்க்கில் ஓர் ஆசிரியரின் கணினி தவறுதலாக நெட்வொர்க்கிலிருந்து பூட் ஆகியிருந்தால், அவருடைய வட்டையும் கேள்வி கேட்காமல் அழித்திருக்கும் என்று நினைத்தபோதுதான் வியர்த்தது.

அதன் பிறகு, பூட் லோடரின் இயல்புத் தேர்வை உள்ளூர் வட்டு என்று மாற்றினேன். பூட் லோடரான பிஎக்ஸ்லினக்ஸ், பொதுக் கோப்புக்கு வருவதற்கு முன், கணினியின் மேக் முகவரி பெயரில் உள்ள கோப்பைத் தேடும். அந்தப் பெயர் ஈத்தர்நெட்டைக் குறிக்கும் 01-இல் தொடங்கி, சிறிய எழுத்துகளில், இடையிடையே சிறு கோடுகளுடன் இருக்க வேண்டும். எந்தக் கணினியில் நிறுவ வேண்டுமோ அதன் பெயரில் மட்டும் நிறுவல் கோப்பை நகலெடுத்து வைக்கிறேன். நிறுவல் முடியும் தறுவாயில் ஓடும் இறுதிக் கட்டளை, வெப் சர்வரில் உள்ள ஒரு சிறு நிரலை அழைத்து, அந்தக் கோப்பை நீக்கச் சொல்கிறது. காலையில் வந்ததும் அந்த அடைவைத் திறந்து பார்க்கிறேன்; கோப்பு ஏதாவது மிச்சம் கிடந்தால், நேராக அந்த மேசைக்குப் போகிறேன்.